பலகைக்கு அடியில் எழுதிய பெயர்

அந்தப் பின்பால் மெஷினைச் செய்தவன் நான்தான்! ஜார்ஜ் என்று ஒருவன் இருந்ததே இல்லை... அவனைப் பொய்யாகப் பிறப்பித்த பாவியும் நான்தான்.

சார்ஜாவில், விளையாட்டு மெஷின்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. பின்பால் தெரியுமல்லவா உங்களுக்கு? சரிவான பலகையில் உருளும் இரும்புக் குண்டைக் கீழே விழாமல் தட்டித் தட்டி மேலே அனுப்பும் ஆட்டம்.

பின்பால் முதல் வீடியோ கேம் வரை, ஓர் அமெரிக்கக் கம்பெனியின் சரித்திரத்தையே தன் மண்டபத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார் ஓர் அரபி. கம்பெனி மூடுமுன் செய்த கடைசி மெஷின் மட்டும் அகப்படவில்லை. எங்களுக்குக் கிடைத்ததோ அதன் வெறும் பெட்டி!

"செல்வம், அசலு இருக்குன்னு அரபிக்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். நீ செஞ்சிரு, கலாஸ், முடிஞ்சுது!" என்றார் முதலாளி, கீழக்கரை நாசர் பாய்.

செய்தேன். ஒரே ஒரு பழைய புகைப்படத்தை வைத்துக்கொண்டு எட்டு மாதம் பலகை அறுத்தேன், செம்புக் கம்பிச் சுருள் சுற்றினேன், ஓவியம் தீட்டினேன். குண்டு முதன்முறை மேடேறித் திரும்பியபோது கத்தியே விட்டேன். அந்தக் கம்பெனிக்காரனே இப்படிச் செய்திருக்க மாட்டான்! இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். மெஷினின் பாகங்களைப் பூட்டியவன் பலகைக்கு அடியில் பென்சிலால் தன் பெயரை எழுதுவான். அரபி முதலில் தேடுவது அதைத்தான்.

செல்வம் என்றா எழுத முடியும்? ஜார்ஜ் என்று எழுதினேன். எழுதாமலே விட்டிருக்கக் கூடாதா?... விடவில்லையே! அசலிலும் அசலாக நிற்க வேண்டும் என்ற கர்வம்.

அரபி அந்தப் பெயரைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார். மெஷினருகே அறிவிப்பும் வைத்துவிட்டார்: 'கம்பெனியின் ஈடிணையற்ற கடைசிக் கலைஞன், ஜார்ஜ்.'

சென்ற மாதம் என் மகளை அந்த மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். ஆடினாள், துள்ளினாள், அறிவிப்பைப் படித்தாள்.

"அப்பா, இந்த ஜார்ஜ் ஜீனியஸ்ப்பா! நீங்களும் இதே மாதிரி ஒண்ணு ட்ரை பண்ணுங்களேன்!"

நாக்கின் நுனி வரை வந்துவிட்டது... சொன்னால் நாசர் பாயின் கடை போகும், என் விசா போகும். அதைவிட, 'போலி செய்தீர்களா அப்பா?' என்று அவள் கேட்டுவிட்டால்?

"பாக்குறேம்மா" என்றேன்.

ஜார்ஜின் பெயருக்குப் பக்கத்தில் நின்று, தன்னைப் படம் எடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன்.