திரும்பக் கேட்க முடியாத முகம்

எங்கள் அப்பா பெல்ட்டைக் கழற்றினால் நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். என் தங்கை போகமாட்டாள். நின்று அடி வாங்குவாள். வாங்கிக்கொண்டே அவர் கையைக் கடிப்பாள். அந்தத் தழும்போடுதான் அப்பா போய்ச் சேர்ந்தார். வீட்டில் அவளை நண்டு என்று கூப்பிடுவோம். பிடித்தால் விடமாட்டாள்.

நான் எட்டாவதோடு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். நண்டு படித்தாள். புருஷனிடம் அடிபட்டு ஓடிவரும் பெண்களைத் தங்கவைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தாள். கம்ப்யூட்டர், வீடியோ எல்லாம் அவள் பொறுப்பு. மென்பொருள் விற்க யார் வந்தாலும் முதலில் ஒன்றுதான் கேட்பாள்: "நாளைக்கு உங்களை விட்டுட்டுப் போகணும்னா, எங்க ஃபைலை எல்லாம் கையோட எடுத்துட்டுப் போக முடியுமா?"

"மாப்பிள்ளை பாக்கும்போதும் இதையே கேளுடி" என்றேன்.

"கேட்டேண்ணா. அதான் ஒருத்தனும் திரும்பி வரல."

அங்கே தங்கியிருந்த பெண்களையே பேசவைத்து அவள் வீடியோ எடுத்தாள். காயத்தை எப்படிப் படம் எடுத்து வைப்பது, கிளம்பும்போது எதை விடக்கூடாது, போலீஸில் எப்படிச் சொல்வது என்றெல்லாம். அவற்றைத் திறந்த உரிமத்தில் வெளியிடவேண்டும் என்று நிறுவனத்தை நடத்தும் மேடத்திடம் சண்டை போட்டுச் சாதித்தாள். யாரும் காசில்லாமல் எடுக்கலாம், வெட்டலாம், தங்கள் மொழியில் பேசலாம், பிறருக்கும் கொடுக்கலாம். கொடுத்தபின் வேண்டாம் என்று பிடுங்க முடியாது. பிற அமைப்புகள் வேலை செய்ய வசதியாக இருக்கட்டும் என்று, முடிந்த வீடியோவோடு வெட்டாத மூலப் பதிவையும் சேர்த்து ஏற்றினாள். கொடுத்தால் முழுசாகக் கொடுக்கவேண்டும் என்பது அவள் பிடிவாதம். முடிந்த வீடியோவில் முகங்களை மங்கலாக்கியிருந்தாள். மூலப் பதிவில் முகம் அப்படியே இருந்தது. பின்னால் ஜன்னலில் எதிர்க்கடையின் பலகையும் தெரிந்தது.

எங்கோ ஓர் அமைப்பு மூலப் பதிவை எடுத்தே தன் வீடியோவைச் செய்தது. அது போனுக்குப் போன் தாவி, அதில் பேசியிருந்த, ரொட்டிக் கடையில் வேலை செய்த ஓர் அக்காவின் புருஷனிடம் போய்ச் சேர்ந்தது. அவன் ஆடுமாடு வெட்டும் கூடத்தில் வேலை செய்பவன். ஜன்னலில் தெரிந்த கடைப் பலகையை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

அவன் வந்த மத்தியானம் நான் நண்டின் நிறுவனத்தில் பின்னறை ஜன்னலுக்குக் கம்பி வைத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் கண்ணாடி நொறுங்கியது. ஓடிவந்து பார்த்தால், இரும்புக் கம்பியால் ஒவ்வொரு கம்ப்யூட்டராக அடித்துக்கொண்டிருந்தான். உள்ளே போகும் வாசலை அடைத்துக்கொண்டு நண்டு நின்றாள்.

"எங்கடி அவ?"

"யாரைக் கேக்கறீங்க?"

"ஊரே பாக்குது என் பொண்டாட்டிய. நீ யாருன்னா கேக்கற?" போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

அதைப் பார்த்ததும் நண்டின் முகம் வெளுத்துவிட்டது. தன் பதிவு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நொடியில் கம்பி அவள் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த அடி கன்னத்தில். வாயெல்லாம் ரத்தம். ஆனாலும் வாசல் சட்டத்தை விடவில்லை. நான் சுத்தியலால் அவன் முழங்காலில் போட்டேன். மண்டியிட்டான். அதற்குள் நண்டின் தோளை இடித்துக்கொண்டு அந்த அக்காவே வெளியே வந்தார். கையில் தீயணைப்பு உருளை. அதைக்கொண்டு அவன் தலையில் ஒன்று வைத்தார். விழுந்தவன் "வீட்டுக்கு வாடி" என்று முனகினான். இன்னொன்று வைத்தார். மூன்றாவதற்கு ஓங்கினார்.

"அக்கா, போதும். செத்துடுவான்" என்றாள் நண்டு.

"சாகட்டும்."

"இவனோட இருந்தப்பவும் ஜெயில்லதான் இருந்தீங்க. இவன் செத்தும் ஜெயிலுக்குப் போகணுமா?"

உருளை தரையில் விழுந்தது.

அவனைப் போலீஸ் கொண்டுபோனது. வீடியோவில் இருந்த முகம் மட்டும் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அக்கா இனி எங்கே போய் ஒளிந்தாலும் யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள்.

"நாமளே கொடுத்த உரிமம். கொடுத்துட்டு இப்ப வீடியோவ நீக்கச் சொல்ல முடியாது" என்றார் மேடம்.

"சொல்லல மேடம். கெஞ்சப்போறேன்."

மாவுக்கட்டோடு, இடதுகையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, அந்தப் பதிவைப் பயன்படுத்திய எல்லா அமைப்புகளுக்கும் எழுதினாள். பலர் வீடியோவை நீக்கிவிட்டார்கள். பெரிய அமைப்பு ஒன்று மறுத்தது. முகம் தெரிவதால்தான் பெண்கள் நம்புகிறார்கள், பார்த்துவிட்டு வீட்டைவிட்டுத் தப்பி வருகிறார்கள் என்றது.

"நெஜமாவே வர்றாங்களா?" என்று அந்த அக்கா கேட்டார்.

"வர்றாங்கக்கா."

"அப்ப நான் சொன்னது இருக்கட்டும். மூஞ்சி வேணாம் பாப்பா."

நண்டு கேமராவைத் தன் பக்கம் திருப்பிவைத்து உட்கார்ந்தாள். கன்னத்தில் தையல், மூடிப்போன ஒரு கண். அந்த அக்கா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். எதையும் மங்கலாக்கவில்லை. அதே உரிமத்தில் அனுப்பினாள். பெரிய அமைப்பு பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டது.

அந்த அக்கா முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு ஒரு வேனில் ஏறிப் போனார். எங்கே என்று நண்டுக்கும் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை.

அவன் சீக்கிரம் வெளியே வருகிறான். இனி அவன் போனில் அந்த வீடியோவைத் தேடினால், மனைவி சொன்ன வார்த்தைகளை அவன் உடைத்த முகம் சொல்லும்.

"வந்தா?" என்று கேட்டேன்.

"வரட்டும்ணா. இந்த மூஞ்சிய நானாத்தானே கொடுத்தேன்."