தவளைக்கு ஒன்ஸ் மோர்

1. பெரியவர்களுக்கா?

"பெரியவர்களுக்கான தேவதைக் கதை" என்று நோட்டீஸில் போட்டதுதான் வினை. வானகரத்தில் ஒரு அபார்ட்மெண்ட் சங்கச் செகரட்டரி அதைப் படித்துவிட்டு, கதவைப் பாதி சாத்திக்கொண்டே பேசினார்.

"பெரியவங்களுக்குன்னா... அந்த மாதிரியா சார்? இங்க ஃபேமிலிங்க இருக்காங்க."

"கல்யாணம், மாமியார், ஆபீஸ்னு போற கதை சார். சின்னப் பசங்களுக்குப் போரடிக்கும், அதான்" என்றேன்.

"அப்ப தவளைக்கு முத்தம் குடுக்கிறது?"

அது இல்லாமல் கதையே இல்லையே! கடைசியில், இளவரசி தன் உள்ளங்கையில் முத்தமிட்டு அதைத் தவளையின் மண்டையில் தட்டலாம் என்று முடிவானது. ஜனங்களுக்குப் பிடித்தால் மாதா மாதம் ஹால் தருவதாகச் சொன்னார். பிடிக்காவிட்டால் அந்தப் பக்கமே வரக் கூடாதாம்.

நான் அம்பத்தூரில் மெல்லிசைக் குழு நடத்துபவன். ரிசப்ஷனோ கோயில் திருவிழாவோ, கீபோர்டோடு போய் நிற்பேன். தேவதைக் கதைகளைப் பாட்டு நாடகமாகப் போடும் பைத்தியம் சுகன்யாவுடையது. ஐ.டி. வேலை போக மீதி நேரத்தில் எழுதுவது, இயக்குவது, இளவரசியாக நடிப்பது எல்லாம் அவளேதான். எங்கள் முதல் நாடகத்தில் பாதி ஜனம் இடைவேளைக்குப் போய்த் திரும்பவே இல்லை. "இந்தத் தடவையும் எழுந்து போய்ட்டாங்கன்னா நான் எழுதறதையே விட்டுடறேன்ணா" என்றாள். சும்மா சொல்கிற பெண் இல்லை அவள்.

2. ரெயின்கோட்

தவளை வேடம் முருகேசனுக்கு. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்காரர்; கனத்த குரல், அதைவிடக் கனத்த உடம்பு. பழைய ரெயின்கோட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துத் தவளையாக்கியிருந்தோம். உள்ளே காற்றே போகாது.

நாடகம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே ஹாலில் பாதிப் பேர் செல்போனுக்குள் போய்விட்டார்கள். ஒருவழியாக முத்தக் காட்சிப் பாட்டு வந்தது. தவளை கிணற்றடியில் உட்கார்ந்து பாட, இளவரசி மண்டையில் தட்ட, லைட் அணைந்து எரிய, முருகேசன் ரெயின்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஷெர்வானியில் நின்றார். ஒரே கைதட்டல். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஒன்ஸ் மோர்!"

மெல்லிசை மேடையில் அதைக் கேட்டால் நாங்கள் யோசிக்கவே மாட்டோம். ரிதம் பேட் வாசிக்கும் டேனி டடடடவென்று ஒரு ரோல் விடுவான், மொத்தக் குழுவும் பாட்டின் ஆரம்பத்துக்குப் போய்விடும். டேனி ரோல் விட்டான். நாங்களும் போய்விட்டோம். இது கச்சேரி இல்லை, நாடகம் என்பது முன்னிசை பாதி ஓடிய பிறகுதான் உறைத்தது.

முதல் வரியே தவளை பாடுவது. இளவரசர் எங்களை முறைத்தார். பிறகு பாவம், ரெயின்கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு கிணற்றடியில் குந்தினார். சுகன்யா சிலையாக நின்றாள். போச்சு, இத்தோடு இந்தப் பெண் எழுதமாட்டாள் என்றே நினைத்தேன்.

திடீரென்று அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"ஏங்க, கல்யாணமாகி ஒரு பாட்டு கூட முடியல. அதுக்குள்ள மறுபடியும் தவளையா?"

முன்வரிசையில் ஒரு அம்மா சிரித்த சிரிப்பில் செல்போன்கள் எல்லாம் இறங்கின. முருகேசனும் விடவில்லை. "ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா நான் இப்படித்தான்" என்று அதே மெட்டில் எடுத்துவிட்டார். இந்த முறை மண்டையில் விழுந்தது முத்தமா குட்டா என்று தெரியவில்லை. மீண்டும் இளவரசரானார்.

"ஒன்ஸ் மோர்!" இப்போது எழுந்து நின்று கத்தியது செகரட்டரியின் மனைவி.

"இன்னா அண்ணாத்தே, ரோல் உட்றவா?" என்றான் டேனி.

"உடுறா!" என்றேன்.

"தலைவரே, உள்ள வெந்துட்டிருக்கேன்" என்று முருகேசன் கிணற்றடியிலிருந்து கெஞ்சினார். யார் கேட்டது!

3. பிறகு

மேடைக்குப் பின்னால் செகரட்டரி தயங்கித் தயங்கி வந்தார்.

"ஹால் உங்களுக்குத்தான் சார். ஒரே ஒரு டவுட்டு. இளவரசி எப்பவாச்சும் தவளையா மாறுவாங்களா?"

"நீங்க ஊட்டுக்கு வாங்க, சொல்றேன்" என்றார் பின்னாலேயே வந்த மனைவி.

சுகன்யா இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. கிரீடத்தைக்கூடக் கழற்றாமல், நாடகத்தின் முடிவிலிருந்த சுபம் பாட்டைப் பேனாவால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் இந்த ஒன்ஸ் மோரையே எழுதிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தேவதைக் கதையைப் பெரியவர்களுக்குப் போட நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். குழந்தைக்குத் தவளை ஒரு தடவை இளவரசனானால் போதும். திங்கட்கிழமை வந்தால் அவன் திரும்பவும் தவளைதான் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். மறுபடியும் தட்ட ஒரு கை வருமா என்று பார்க்கத்தான் அவர்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.