பூட்டிய வீட்டில் ஒரு கூடைப்பந்து சீசன்

அந்த மழைக்காலம் முழுக்க நான் மாமா ஊரான மோல்மேனில் இருந்தேன். அதாவது ஊருக்கு அப்படித்தான் சொல்லியிருந்தோம். உண்மையில் யாங்கோனில், பசுந்தாங் பேட்டையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்குள், வெளியே பூட்டுத் தொங்கும் கம்பிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெக்சிகோக்காரர்கள் கூடைப்பந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்த பிறகு என் வயதுப் பையன்களுக்கு எல்லா வாசலும் அடைத்துப்போனது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகலாம் என்றால் அதற்கும் தடை. நகரத்து ஓரம் லைங் தாயாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தேன். வழியில் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை கேட்கிறார்கள் என்று பேச்சு வந்த அன்றைக்கே அம்மா, “போதும்டா சாமி, நீ போன வேலை” என்றுவிட்டாள். வார்டு ஆபீஸில் போய், பிள்ளை மாமா வீட்டுக்கு மோல்மேனுக்குப் போய்விட்டான் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு வந்தாள். அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இனி அவள் தனியாள் என்று கணக்கு.

வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்றை மலேசியாவில் இருக்கும் பள்ளித் தோழன் பிடித்துக் கொடுத்தான். மெக்சிகோவின் தொழில்முறை லீக் ஆட்டங்களை நேரலையில் பார்த்து, யார் எறிந்தது, எங்கிருந்து எறிந்தது, விழுந்ததா, யார் ஃபவுல் செய்தது என்று அப்போதைக்கப்போது கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். அங்கே ராத்திரி ஆட்டம் நடந்தால் நமக்குக் காலை. அம்மா பக்கத்துப் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்டில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போவாள். போகும்போது கதவை வெளியே பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். பூட்டின வீட்டுக்குள் ஆள் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

குழாயை முழுசாகத் திறக்காதே. செருப்புப் போட்டு நடக்காதே. தும்மல் வந்தால் தலையணையில் தும்மு. இதெல்லாம் அம்மா போட்ட சட்டம். “மூச்சு விடலாமா, அதுக்கும் பர்மிஷன் வேணுமா?” என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். “மெதுவா விடு” என்றாள். சிரிக்கவே இல்லை.

எனக்கிருந்த ஒரே துணை ஜெனரேட்டர் சத்தம்தான். கரண்டு இல்லாத நேரம்தான் அதிகம் என்பதால் கீழே கடைகளில் எல்லாம் ஜெனரேட்டர் ஓடும். அந்த இரைச்சலில் நான் கொஞ்சம் நடப்பேன், இருமுவேன், ஆட்டக்காரர்களைத் திட்டுவேன். என் கம்ப்யூட்டர் பாட்டரியில் ஓடியது.

வடக்கு எல்லையோரத்து அணி ஒன்றில் பதினோராம் நம்பர் போட்ட வெளிநாட்டுக்காரன் ஒருவன் இருந்தான். நல்ல உயரம், முழங்காலில் எப்போதும் கட்டு. ஃப்ரீ த்ரோ எறியப்போகும் முன் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்பான். எறிந்தால் பாதி உள்ளே போகாது. அவன் பெயருக்கு நேரே ‘தவறியது’ என்று தட்டித் தட்டி என் விரலுக்கே அலுத்துப்போனது. ஆனாலும் அவனைப் பிடித்துவிட்டது. அடுத்த ஆட்டம் எப்போது என்று, ஏதோ என் அண்ணன் ஆடுகிற மாதிரி காத்துக்கிடந்தேன்.

சீசன் பாதியில் ஒரு காலை அணிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. சரியாக ஆடாத வெளிநாட்டுக்காரனை அந்த லீக்கில் அப்படித்தான் கழற்றிவிடுவார்கள். பெட்டியைக் கட்டு, டிக்கெட் இந்தா, போ. எனக்கு அன்றைக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. ஆட்டம் சரியில்லை, நீ கிளம்பு என்று என்னை யாராவது கழற்றிவிட மாட்டார்களா? அழுகை வந்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஆனால் அவன் எங்கும் போகவில்லை. தீபாவளி நெருங்கும் நேரம், அதே லீக்கில் கடலோரத்து அணி ஒன்றின் சட்டையில் வந்து நின்றான். அதே பதினொன்று, அதே முழங்கால் கட்டு. சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டம், அவனைக் கழற்றிவிட்ட அணியோடுதான் அமைந்தது.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாங்கோனில் மாடிவீடு என்றால் பால்கனியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் ஒரு கிளிப், மேல் நுனியில் ஒரு மணி. கீழே இருப்பவர் பொட்டலத்தைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை ஆட்டினால் மேலே மணி அடிக்கும், நாம் இழுத்துக்கொள்வோம். நடக்கப் பழகியதிலிருந்து மணி அடித்தால் ஓடிப்போய் இழுப்பது என் வேலை. அந்தச் சீசனில் அது அம்மாவின் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கீழே அத்தோ நூடுல்ஸ் விற்கும் பர்மாக்கார அக்காவிடம் குரல் கொடுத்து வாங்குவாள். அந்த அக்கா காலையிலிருந்து எங்கள் படிக்கட்டு வாசலிலேயே கடை போட்டிருப்பார்.

கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடம். ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில் பதினொன்று மூலையிலிருந்து எறிந்தான். மூன்று புள்ளி. வளையத்தில் படக்கூட இல்லை, அப்படி விழுந்தது.

“அடிச்சான்டா! அடிச்சான் பாரு!”

குதித்தே விட்டேன். கால் கோட்டைத் தொட்டதா என்று நடுவர்கள் வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நானும் நகம் கடித்தபடி திரையிலேயே நின்றேன். தொடவில்லை என்றார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கியது, அவனை யாரோ தள்ளி ஃபவுல் ஆனது, இரண்டு ஃப்ரீ த்ரோ. பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டான். அப்போது மணி அடித்தது.

கண் திரையில் இருக்க, கை தானாகப் போய்க் கயிற்றை இழுத்தது. பாதி இழுத்த பிறகுதான் உறைத்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கரண்டு வந்துவிட்டது. தெருவில் ஒரு ஜெனரேட்டர்கூட ஓடவில்லை. என் கூச்சல் அப்படியே கீழே போய் விழுந்திருக்கிறது, அதுவும் தமிழில்! அந்தக் கட்டிடத்தில் தமிழ் வீடு எங்களுடையது ஒன்றுதான்.

கயிற்றை விட்டால் பொட்டலம் கீழே நிற்பவர் தலையில். இழுத்தால் பூட்டிய வீட்டில் ஆள் இருப்பது உறுதி. விடவும் முடியாமல் இழுக்கவும் முடியாமல் திரைச்சீலைக்குப் பின்னால் பிணம் மாதிரி நின்றேன். பின்னால் ஸ்பானிய வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். தட்ட வேண்டிய இரண்டு வீச்சும் என் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து முடிந்தன.

கீழேயிருந்து அத்தோ அக்காவின் குரல் வந்தது. பர்மியத்தில், வழக்கமான வியாபாரக் குரலில்.

“இழு தம்பி. அவங்க போயிட்டாங்க.”

இழுத்தேன்.

“வார்டு ஆளுங்க ரெண்டு பேர் இங்கதான் உக்காந்து சாப்பிட்டாங்க” என்றார், தட்டுகளைக் கழுவிக்கொண்டே, மேலே பார்க்காமல். “அந்தத் தமிழம்மா டிவியை அணைக்காமப் போயிட்டாங்க, கரண்டு வந்ததும் அதுவா கத்துதுன்னு சொன்னேன். நம்பிட்டாங்க. இன்னைக்கு நம்பிட்டாங்க.”

பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே இரண்டு அத்தோ, தனித்தனியாகக் கட்டியிருந்தது. அம்மா தினமும் வாங்கும் அதே இரண்டு. ஒண்டிக்கட்டை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, மழைக்காலம் முழுக்க இரண்டு பொட்டலம் வாங்கியிருக்கிறாள் மகராசி! பூட்டாவது மோல்மேனாவது. அந்த அக்கா வாயைத் திறக்காததால்தான் நான் இங்கே இருந்திருக்கிறேன். நன்றி சொல்லத் தோன்றவில்லை, பயம்தான் வந்தது. அவருக்குத் தெரிந்தது இன்னும் யாருக்கெல்லாம் தெரியும்?

திரையில் பதினொன்று தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். ஜெயித்துவிட்டார்கள். இனி அவன் ஊருக்குப் போவான். மேற்பார்வையாளரிடமிருந்து செய்தி வந்திருந்தது. கடைசி இரண்டு வீச்சும் பதிவாகவில்லையே, கரண்டு போய்விட்டதா? இல்லை, வந்துவிட்டது என்று பதில் போட்டேன். அவருக்கு என்ன புரிந்ததோ. அடுத்த சீசனுக்கும் இருப்பீர்களா, வேறெங்காவது போகும் எண்ணமுண்டா என்று கேட்டார். எங்கும் போகவில்லை என்று எழுதினேன்.

சாயங்காலம் அம்மா கதவைத் திறந்து உள்ளே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அக்கா கீழேயே எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. கையில் ஒரே ஒரு பொட்டலம்.

“ஒண்ணுதானா?” என்றேன்.

“மோல்மேன்ல இருக்கறவனுக்கு எதுக்குடா?” என்றாள் அம்மா. பிறகு ஒரு தட்டை எடுத்து, அதில் பாதியை எனக்குத் தள்ளிவிட்டாள்.