சேகரின் ஊசியும் மாலாவின் பத்தியமும்

எங்கள் ஊசி மருந்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் போடக் கூடாது, குளிர் போகும்வரை காத்திருக்க வேண்டும்; அந்த இடைவெளியில்தான் நோயாளிகள் மனம்விட்டுப் பேசுவார்கள். மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஹார்மோன் கிளினிக் தாதி நான். மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சைத் தேய்த்த உங்களுக்குக் காத்திருப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பாலத்தில்

பக்கத்து ஊரான உலு திராமைச் சேர்ந்த சேகருக்கு பிட்யூட்டரி கட்டி. மூளைக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்னச் சுரப்பியில் வந்த கட்டி, வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருந்ததில் தாடை நீண்டு, மூக்கு தடித்து, விரல்கள் பருத்துவிட்டன. அறுவை சிகிச்சையில் முழுசாக எடுக்க முடியவில்லை. மிச்சம் பார்வை நரம்பை அழுத்தியது. ஊசி அதைச் சுருக்காவிட்டால் கண் போய்விடும்.

சிங்கப்பூர் தொழிற்சாலைக்குத் தினமும் எல்லைப் பாலம் தாண்டுகிறவர். குடிநுழைவு அதிகாரி படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஓரமாக உட்கார வைத்துவிடுவாராம். சேகர் சொன்னார்: "பாஸ்போர்ட்ல இருக்கிறவன் என் தம்பி மாதிரி இருக்கான், மிஸி."

வாயைக் கட்டுதல்

மாதாமாதம் ஊசி போட்டேன். ரத்தத்தில் ஹார்மோன் இறங்கவே இல்லை. பத்தியம் சரியில்லை என்று அவர் மனைவி மாலா முடிவுகட்டிவிட்டார். முதலில் ஆட்டிறைச்சியை நிறுத்தினார், பிறகு மீன், கோழி, முட்டை. வேலையிடத்தில் திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று என் முன்னாலேயே சண்டை. சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. தலையைக் குனிந்திருந்த சேகரைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. மாலா விடவில்லை: "இவரு வாயைக் கட்டினா ஊசி கேக்கும் மிஸி, நீங்க போடுங்க."

ஏற்பி

கடைசியில் டாக்டர், அறுவை சிகிச்சையில் எடுத்து வைத்திருந்த கட்டித் துண்டைச் சோதனைக்கு அனுப்பினார். எங்கள் மருந்து கட்டியில் போய் ஒட்டிக்கொள்ள ஏற்பிகள் வேண்டும். சேகரின் கட்டியில் அவை அநேகமாக இல்லவே இல்லை. எத்தனை ஊசி போட்டாலும் ஒட்ட இடமில்லை.

முடிவு வருவதற்குள் பார்வை பாதி போயிருந்தது, வேலையும் போயிருந்தது. இனி கதிர்வீச்சுதான் என்றார் டாக்டர். போன பார்வைக்கு உத்தரவாதம் தரவில்லை. மாலா வாய்விட்டு அழுதார். சேகர் அவர் கையைத் தடவித் தேடிப் பிடித்தார்: "அழாத லா, போற வழியில மீன் வாங்கலாம். முள்ளை மட்டும் நீ எடுத்துக் குடு, எனக்குத் தெரியமாட்டேங்குது."

நம்மவர்களிடையே ஒரு மருந்து வேலை செய்யாவிட்டால், முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது நோயாளியின் சாப்பாட்டுத் தட்டுதான்.