அக்காவின் உபயப் பட்டியல்

எனக்கு ஒன்பது வயதானபோது, உலகத்திலேயே ருசியான சாப்பாடு பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு வாடகை அறையில் கிடைத்தது. அங்கே மூன்று பெண்கள் தங்கிக் கல்லூரியில் படித்தார்கள். அவர்களில் ஒருத்தி என் அக்கா. பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் அக்காவோடு இருக்கட்டும் என்று ஜொகூர் பாருவிலிருந்து அப்பா என்னைக் காரில் கொண்டுபோய் விட்டார்.

மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ரைஸ் குக்கர். அதில் வேகாதது எதுவுமில்லை. பாக்கெட் மீ என்கிற நூடுல்ஸ் வேகும். மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றிவிட்டால் அன்று விருந்து. மறுநாள் சோறும் டின் மீனும். அதற்கடுத்த நாள் மறுபடியும் மீ. குக்கர் கழுவச் சோம்பலாக இருந்தால் ரொட்டியில் கெட்டிப் பாலைத் தடவி மடித்துத் தின்போம். எங்கள் வீட்டிலோ, அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும்தான் பாக்கெட் மீயைக் கண்ணால் பார்க்க முடியும். அதற்காகவே அம்மாவுக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதும் உண்டு. தினம் தினம் மீ தின்னக் கொடுத்துவைத்த அக்காவைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. முட்டையின் மஞ்சளை மட்டும் அவள் என் பக்கம் தள்ளிவிடுவாள். தனக்குப் பிடிக்காது என்பாள். நானும் நம்பி விழுங்கினேன்.

அக்காவை வெளியூருக்கு அனுப்ப அப்பாவுக்கு முதலிலிருந்தே மனமில்லை. சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்று தெரிந்தால் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும், பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் ஏதாவது தொழிற்சாலையில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அதனால் அக்கா தொலைபேசியில் தினமும் சோறு, குழம்பு, இரண்டு வகைக் காய் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

“மீ கதைய அம்மாகிட்ட சொல்லிறாத. அப்புறம் அப்பா என்ன வந்து கூட்டிட்டுப் போயிருவாரு” என்றாள் அக்கா. நான் அம்மன் மேல் சத்தியம் செய்தேன்.

குக்கருக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பக்கத்து அம்மன் கோயிலில் எந்த நாள் பூசையும் சாப்பாடும் எந்தக் குடும்பத்தின் உபயம் என்ற பட்டியல். கோயில் அறிவிப்புப் பலகையைப் பார்த்து மூவரும் எழுதி வந்திருந்தார்கள். யார் வீட்டு உபயத்தில் பாயசம் உண்டு, யார் வீட்டில் இரண்டு வடை போடுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. உபய நாளில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தீபாராதனைக்கு முன்பே போய் நின்றுவிடுவார்கள். பூசை முடிந்து பந்தியில் உட்கார்ந்தால் நிதானமாகச் சாப்பிடுவார்கள். மிஞ்சியதைப் பரிமாறுகிறவர்களிடம் கேட்டு டப்பாவில் வாங்கி வருவார்கள். மறுநாள் காலையில் அந்தப் புளியோதரையைக் குக்கரில் சூடாக்கித் தின்போம். வீட்டில் விளக்கேற்றச் சொன்னால்கூட முகம் சுளிக்கும் அக்கா, இங்கே வந்து இவ்வளவு பக்தி மிகுந்தவளாகிவிட்டாளே என்று நான் அசந்துபோனேன்.

வீடு திரும்பியதும் அம்மா விசாரித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் புறப்பட்டேன். சோறு, குழம்பு, இரண்டு காய் என்று அக்கா சொன்னபடியே ஒப்பித்தேன். மீயைப் பற்றி மூச்சு விடவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அக்காவுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும் ஆசையில், உபயப் பட்டியல், முதல் ஆளாகப் போய் நிற்பது, டப்பா, புளியோதரை எல்லாவற்றையும் பெருமையாக அளந்துவிட்டேன்.

“காலைக்கும் அதையேவா சாப்பிடுவீங்க?” என்று கேட்டாள் அம்மா.

“ஆமாம்மா, பிரசாதத்த வீணாக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லுச்சி.”

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரிலிருந்த நாள்காட்டியைப் புரட்டினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்ட மகிழ்ச்சியில் நான் விளையாடப் போய்விட்டேன்.

அந்த ஆண்டு எங்கள் ஊர்க் கோயிலில் செய்வதாக இருந்த உபயத்தை அம்மா திடீரென்று பத்து பாகாட்டுக்கு மாற்றினாள். மூத்தவள் தேர்வில் தேற வேண்டுமென்று நேர்ந்துகொண்டதாக அப்பாவிடம் சொன்னாள். இங்கே இல்லாத அம்மனா அங்கே இருக்கிறாள் என்று அப்பா முணுமுணுத்தாலும் காரை எடுத்தார்.

அன்று அந்தக் கோயில் சமையற்கட்டில் அம்மா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பந்தி தொடங்கியதும் சோற்று வாளியைத் தானே தூக்கிக்கொண்டாள். அக்காவுக்கும் அவள் தோழிகளுக்கும் கேட்காமலேயே மூன்று முறை பரிமாறினாள். அக்கா தலை நிமிராமல் சாப்பிட்டாள். போதும் என்று ஒரு முறையும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தபோது, கோயிலுக்குள் கொண்டு வராமல் காரிலேயே வைத்திருந்த ஒரு பெரிய பையை அம்மா வெளியே எடுத்தாள். உள்ளே பருப்புப் பொடி, மாங்காய் ஊறுகாய், பிறகு ஒரு பெரிய போத்தல் நிறைய நெத்திலிக் கருவாடு போட்டு வதக்கிய காரச் சம்பல். எல்லா மூடிகளிலும் குங்குமம் வைத்திருந்தது. அக்கா போத்தலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

“அம்மன் பிரசாதம். வேணாம்னு சொல்லக் கூடாது” என்றாள் அம்மா.

நான் பதறிப்போய் அப்பாவைப் பார்த்தேன். அவர் குனிந்து, நன்றாக இருந்த டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா இரு கைகளாலும் பையை வாங்கி, கருவாட்டோடு சேர்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாம் ஊரைத் தாண்டும்வரை நான் கண்ணை மூடிக்கொண்டு, அம்மா, அப்பா, அக்கா மூவரையும் மன்னித்துவிடும்படி அம்மனிடம் கெஞ்சிக்கொண்டே வந்தேன். எங்கள் குடும்பத்தில் சாமிக்குப் பயந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம் என்று எனக்கு அழுகையாக வந்தது.