தெமிர்ஜி என்ற பெயரை நான் விசாரித்த விதம்

ஜெர்மனியில் இருக்கும் என் ஒரே மகள், தான் ஒரு துருக்கிக்காரரைக் கல்யாணம் செய்யப்போவதாகத் தொலைபேசியில் சொன்னபோது நான் சத்தம் போடவில்லை. குடும்பப் பெயர் என்ன என்று மட்டும் கேட்டேன். தெமிர்ஜி என்றாள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சம்பந்தம் வந்தால் முதலில் "ஆர் ஆக்கள்?" என்றுதான் விசாரிப்போம். மாப்பிள்ளையின் ஊருக்குப் போய்ச் சந்தைக்குள் மெல்லக் கதை கொடுத்தால் சாதி தெரிந்துவிடும். துருக்கியில் எனக்கு யாரைத் தெரியும்? அதனால் அந்தப் பெயரை விசாரித்தேன். பண்டத்தரிப்பில் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் தேடினேன். தெமிர் என்றால் இரும்பு. தெமிர்ஜி என்றால் இரும்பு வேலை செய்பவர். அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை.

"கொல்லர் பகுதியாம்," என்று மனைவியிடம் சொன்னேன்.

"துருக்கியிலையும் உது இருக்கோ?" என்றாள் அவள். "ஞாயிற்றுக்கிழமையிலை நீங்கள் கும்பிடுறவர் தச்சன்ரை மகன். அவர் வந்து கேட்டாலும் பொம்பிளை குடுக்க மாட்டியள் போல."

மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவன் நான். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கல்யாணத்துக்குப் போகவில்லை, அவளையும் போகவிடவில்லை. மூன்று வருடத்தில் அவள் நோயில் விழுந்து இறந்தாள். மருமகனைப் படத்தில்தான் பார்த்திருந்தாள்.

செத்தவீட்டுக்கு மகள், கைக்குழந்தையைப் புருசனிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்தாள். அடக்கம் முடிந்து இரண்டாம் நாள், குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே அந்தப் பெயரின் கதையைச் சொன்னாள். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகள் வரை துருக்கியில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாதாம். எங்களைப் போலத் தகப்பன் பெயர்தான். பிறகு எல்லோரும் ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. மருமகனுடைய பூட்டன் மலையில் ஆடு மேய்த்தவர். பதிய வந்த அலுவலர் என்ன பெயர் வேண்டும் என்று கேட்க, மனுசன் முழித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வரிசையில் முன்னுக்கு நின்றவரின் பெயரையே இவருக்கும் எழுதிவிட்டார்கள்.

"அப்ப அவையள் இரும்படிச்ச ஆக்கள் இல்லை," என்றேன்.

என் குரலில் இருந்த ஆறுதல் எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டது.

"அம்மாவைச் சவக்காலையிலை வைச்சு மூண்டு நாள் ஆகேல்லை அப்பா," என்றாள். "நீங்கள் தனிச்சுப்போனியள் எண்டு, அவர் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அடுத்த கிழமை வாறதுக்கு ரிக்கற் எடுத்து வைச்சிருக்கிறார். இரும்படிச்ச ஆக்கள்தான் எண்டு நான் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பியள்?"

ஆராயிருந்தாலும் வரட்டும் பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். அவள் தேத்தண்ணியை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். ஜெர்மன் மொழியில் கதைத்தாள். எனக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. அவரை வர வேண்டாம் என்கிறாள் என்பது மட்டும் விளங்கியது.