புரட்டிப் பார்க்காத டிரம்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆடி வெள்ளிக்கிழமை. கீரனூரில் திருச்சி சாலையை ஒட்டி எனக்கு ஒரு சின்ன ரெக்சின் தையல் கடை இருக்கிறது. பைக் சீட்டுக்கு உறை, கிரைண்டருக்கு உறை, வெளிநாடு போகிறவர்களுக்குப் பெரிய பை, பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் மாற்றுவது, இதெல்லாம்தான் என் பிழைப்பு. எனக்கு வாயும் நீளம், கையும் வேகம் என்று தெருவில் சொல்வார்கள். உண்மையைச் சொன்னால் இரண்டிலும் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அன்று காலை வாசல் தெளித்துக் கோலம் போட்டு, சாமி படத்துக்குச் சூடம் காட்டிவிட்டு அப்போதுதான் மிஷினில் உட்கார்ந்தேன். முதல் போணி இன்னும் ஆகவில்லை. அந்த நேரம் பார்த்து, ஒரு பெண் தோளில் டிரம்மைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். அன்றைக்கு அவரை நான் 'நீ, வா, போ' என்றுதான் பேசினேன். எழுதும்போதாவது 'அவர்' என்று எழுதுகிறேன்.

பக்கத்துக் கிராமத்தில் அவரும் அவர் கணவரும் சொந்தக்காரர்கள் சிலரும் சேர்ந்து பேண்டு செட் வைத்திருக்கிறார்கள். அவர் கொண்டுவந்தது சைடு டிரம். ஊர்வலத்தில் இடுப்புப் பக்கமாகத் தொங்கவிட்டு, இரண்டு குச்சிகளால் படபடவென்று அடிப்பார்களே, அது. புதிதாக நான்கு வாங்கியிருக்கிறார்களாம். ஆவணி முதல் முகூர்த்தத்தில் திருச்சியில் ஒரு பெரிய மண்டபத்தில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். கல்யாண ஏற்பாடெல்லாம் செய்து தருகிற ஒருவர், "அன்னைக்கு நல்லா அமைஞ்சா இந்த சீசன் முழுக்க நீங்கதான்" என்று சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையை நம்பித்தான் டிரம்மே வாங்கியிருக்கிறார்கள்.

அவருக்கு இருந்த கவலை பஸ் பயணம். வேன் வைத்துப் போக வசதி இல்லை. கூட்டத்தில், கடைசி சீட்டுக்கு அடியில் திணித்துக்கொண்டுதான் போக வேண்டும். அவர் கணவர் பிளைவுட்டில் பெட்டி அடிக்கலாம் என்கிறார், சொந்தக்காரர் ஒருவர் போனில் கெட்டி பிளாஸ்டிக் பெட்டியைக் காட்டி அதுதான் நல்லது என்கிறார், எதை எடுப்பதென்று தெரியாமல் என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். கேட்பார்களா என்று காத்திருக்கிறவள் நான். பெட்டி என்றால் பாரம், பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். பிளாஸ்டிக் விரிசல் விட்டால் ஒட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது. ரெக்சினில் ஃபோம் வைத்துப் பை தைத்தால் தோளிலும் மாட்டலாம், இடுக்கிலும் சொருகலாம் என்று அடுக்கினேன். இதுவரைக்கும் நான் சொன்னதில் பெரிய தப்பு இல்லை.

சரி என்று தலையாட்டிவிட்டு, அளவெடுப்பதற்காக டிரம்மை என் மேஜைமேல் வைக்க ஓர் எட்டு எடுத்து வைத்தார்.

"அங்கிட்டே இருக்கட்டும்மா. வாசல்லயே வை" என்றேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் மனசுக்குள் ஓடியதை இப்போது சொல்லிவிடுகிறேன். ஆடி வெள்ளி, முதல் போணி, இப்போதுதான் சூடம் காட்டியிருக்கிறேன், புதுசு என்றுதான் சொன்னார், ஆனாலும் இது எந்தச் சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்த டிரம்மோ! அதோடு இன்னொன்றும் ஓடியது. அது டிரம்மைப் பற்றியது இல்லை, அதைத் தூக்கிக்கொண்டு வந்தவரைப் பற்றியது. அதை இங்கே விளக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கவும் வேண்டாம்.

டேப்பை மேஜை ஓரத்தில் வைத்தேன், அவரே எடுத்துக்கொண்டார். வாசலில் குத்துக்காலிட்டு அவர் அளந்து சொல்லச் சொல்ல, நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சாக்பீஸால் குறித்துக்கொண்டேன். குறுக்களவு, உயரம், அவ்வளவுதான். முடித்துவிட்டு அவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"அக்கா, அடிப்பக்கத் தோலு ரொம்ப மெல்லிசுங்க. அதுல ஒட்டித்தான் கம்பி ஓடுது. ஒரு தடவ புரட்டிப் பாத்துட்டீங்கன்னா நல்லாருக்கும்."

"அடிக்கிறது மேல்பக்கந்தானே? அங்க மெத்து மெத்துன்னு வச்சுத் தாரேன். கீழ்பக்கத்துக்கு என்ன வந்துச்சு? எத்தன வருசமாத் தைக்கிறேன், எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அவர் டிரம்மை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அவர் தெருமுனை தாண்டியதும் வாசலில் இன்னொரு சொம்பு தண்ணீர் தெளித்தேன். இதை வீட்டில்கூட நான் சொன்னதில்லை.

பைகள் என்னவோ பார்க்க அம்சமாகத்தான் வந்தன. கருநீல ரெக்சின், இரட்டைத் தையல், கெட்டி ஜிப். இருந்த ஃபோமையெல்லாம் மேல்மூடிக்கே வைத்தேன், அடியில் பெயருக்கு ஒரு துணி. அதோடு விட்டேனா? பஸ்ஸின் ஈரத்தரையில் பை படக்கூடாதே என்று, பயணப் பைகளுக்கு வைப்பதுபோல அடியில் நான்கு இரும்புக் குமிழ் வைத்து ரிவிட் அடித்தேன். அவர் கேட்காத வேலை அது. என் கைத்திறமையைக் காட்ட நானாகச் செய்தது.

பை வாங்க வந்த அன்று அவர் டிரம்மைக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தாலும் வாசலோடு நிறுத்துவேன் என்று தெரிந்திருக்கும். பைக்குள் கையை விட்டு அடியைத் தடவிப் பார்த்து, "உள்ள கையில நெருடுதுங்களே அக்கா" என்றார். டிரம் உள்ளே போனால் எல்லாம் படிந்துவிடும், போய்விட்டு வா என்று அனுப்பிவிட்டேன்.

ஆவணி முகூர்த்தம் முடிந்த மூன்றாம் நாள் புருஷனும் பெண்சாதியுமாக வந்து நின்றார்கள். கடையில் அப்போது சீட் உறைக்கு வந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அந்தத் தம்பதியின் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அதனாலேயே நான் முந்திக்கொண்டேன். பஸ்ஸில் யாராவது ஏறி உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் எதையாவது மேலே அடுக்கியிருப்பீர்கள், என் பையில் குறை இருக்காது, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் என்று மூச்சுவிடாமல் பேசினேன். நான் முடிக்கும்வரை அந்தப் பெண் காத்திருந்தார். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து, ஜிப்பைத் திறந்து டிரம்மை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தார்.

அன்றைக்குத்தான் அதன் அடிப்பக்கத்தை முதல்முதலாகப் பார்த்தேன். மேலே இருப்பது கெட்டியான வெள்ளைத் தோல். கீழே இருப்பதோ வெங்காயச் சருகு மாதிரி, அந்தப் பக்கம் இருப்பது தெரிகிற அளவுக்கு மெலிசு. அதன் குறுக்கே ஸ்பிரிங் போலச் சுருண்ட கம்பிகள் வரிசையாக ஓடின. அந்தக் கம்பிகள் அதிர்ந்தால்தான் சைடு டிரம்முக்கு அந்தப் படபட சத்தமே வருமாம். அந்தத் தோலில் நான்கு ஓட்டைகள். ஒன்றிலிருந்து நீளமாகக் கிழிந்து போயிருந்தது. நான்கும் என் நான்கு ரிவிட்டுக்கு நேர் எதிரே இருந்தன.

எனக்கா புரியாது? பையின் அடி துணிபோல வளைகிற சாமான். டிரம்மின் பாரமெல்லாம் குமிழ்களில் இறங்க, பஸ் குலுங்கும்போதெல்லாம் ரிவிட் முனை மேலே ஏறித் தோலைக் குத்தியிருக்கிறது. வெறும் சாக்கில் சுற்றிக் கொண்டுபோயிருந்தால்கூட இந்தக் கதி வந்திருக்காது.

நடந்ததை அவர் கணவர்தான் சொன்னார். மாப்பிள்ளை கார் வந்து நிற்கிறது, சனமெல்லாம் திரும்பிப் பார்க்கிறது, இவர்கள் பைகளைத் திறந்தால் மூன்று டிரம் போச்சு. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறார்கள். மற்றவர்கள் சத்தம் வராத டிரம்மை மாட்டிக்கொண்டு, அடிப்பதுபோல் கையை அசைத்தபடியே மண்டபம்வரை நடந்திருக்கிறார்கள். வீடியோக்காரர் அவர்களுக்கு நேரே கேமராவைத் திருப்பியபோது என்ன செய்வதென்று தெரியவில்லை என்று சொல்லும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டார். ஏற்பாட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லையாம். சாயங்காலம் வரவேற்புக்கு வேறு செட்டை வரவழைத்துவிட்டாராம்.

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அதுக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் குரலை உயர்த்தாமல் குறுக்கிட்டார்.

"ஒங்க மேல பழி போட வரலக்கா. அன்னைக்கி ஏன் வாசல்லயே வைக்கச் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். இது புது டிரம்முங்க, எந்த எழவுக்கும் போகல. போயிருந்தாலுந்தான் என்ன, ஒரு தடவ தொட்டுப் பாத்திருக்கலாம்ல?"

கூனிக்குறுகிப் போனேன். சீட் உறைக்கு வந்த இருவரும் சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் நான் பெரிய மனுஷி என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்த வாசற்படியில் வைத்து உரிந்து போயிற்று. எழுந்து போய் டிரம்மை இரண்டு கையாலும் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தேன்.

"உள்ள வாங்க" என்றேன். அவரை நான் 'வாங்க' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என் கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அவர் கழற்றிவிட்டு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

"பரவால்லீங்கக்கா, நின்னே பழகிருச்சு" என்றார்.

அந்தப் பதில் குத்தலாக வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் திருச்சிக்குப் போய்ப் புதுத் தோலும் கம்பியும் வாங்கிவந்தேன். அவர் கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டிரம்மைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, எங்கே மெலிசு, எங்கே பாரம் தாங்கும், கம்பியைத் தூக்கிவிடுகிற கொக்கி எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். குமிழையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, அடியில் வட்டமாக பிளைவுட் பலகை, அதன்மேல் விளிம்பை மட்டும் தாங்குகிற மாதிரி ஃபோம் வளையம், நடுவில் எதுவும் தோலைத் தொடாதபடி வெற்றிடம் என்று நான்கு பைகளையும் திரும்பத் தைத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

அந்த ஏற்பாட்டுக்காரரின் நம்பரை வாங்கி நானே போன் செய்தேன். தப்பு அவர்களுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, ஆனா நான் வேற செட்டுக்கு வார்த்த குடுத்துட்டேனே" என்றார். அந்த வருட ஆவணியும் ஐப்பசியும் அவர்களுக்கு அப்படியே போயின. நான் என்ன தைத்துக் கொடுத்தாலும் அது திரும்பி வராது.

அவர்கள் இப்போதும் வாசிக்கிறார்கள். கீரனூர் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கருநீலப் பைகளோடு சில சமயம் பார்ப்பேன். அந்தப் பெண் சிரித்துத் தலையாட்டுவார், எனக்குத்தான் நேருக்கு நேர் பார்க்க முடிவதில்லை. தெரியாமல் நடந்துபோன தப்பு என்று எத்தனையோ தடவை என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். அடித்தோல் மெலிசு என்பது வேண்டுமானால் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், அதைத் தொடாமல் விட்டது நான் தெரிந்தே செய்ததுதான்.